சக்கரக் குடைவில் எழும் உராய்வு

திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் பெருவழியில், பெரம்பலூரை எய்துமுன் பாடாலூர் என்னும் ஊர் உளது. பேருந்தில் விரைந்து செல்வோர்க்கு அது வழியிடை நிறுத்தமே. நிலநூல் பயில்வோர்க்கோ அஃது ஒரு வாயில். இவ்வூரினின்று கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூரும், அதற்கப்பால் காரை என்னும் சிற்றூரை அடுத்த வறண்ட களிமண் பள்ளங்களும் எதிர்ப்படும். 1862ஆம் ஆண்டில் பிளான்போர்டு என்னும் நிலநூலறிஞர் இப்பகுதியின் கடற்படிவுகளை ஆராய்ந்து எழுதியபோது, அவற்றுள் அடியிலுள்ள தொகுதிக்கு ஊட்டத்தூரின் பெயரையே இட்டனர். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகட்கு முன்னர் ஈண்டுக் கடல் இருந்தது. அதன் அடியிற் படிந்த சேறே இன்று காரைக் களிமண்ணாகக் கிடக்கின்றது.

இதனை யாம் எடுத்துரைப்பது நிலநூல் கற்பித்தற்கன்று. அக்களிமண் எமது மோட்டார் வண்டியின் சக்கரத்திற்கு மேலே ஏறி அமர்ந்து எமக்கு ஒரு பாடம் புகட்டிற்று. அப்பாடத்தின் முதற்பகுதியை அன்றே கற்றோம்; பிற்பகுதியைக் கற்கத் தவறி, சில வாரங்கழித்துப் பெரிதும் அஞ்சினோம். வண்டி வைத்திருப்போரும், இனி வைக்கப்போகும் மாணவ நண்பர்களும் அறிந்துகொள்ளுமாறு அவ்விரண்டினையும் ஈண்டு எழுதுகின்றோம்.

ஐப்பசித் திங்களில் ஒரு சனிக்கிழமை. ஆசிரியரும் மாணவருமாக யாம் எண்மர் இரண்டு வண்டிகளிற் காரைக்குச் சென்றிருந்தோம். முந்தின இரவு பெய்த மழையால் மண்பாதை குழைந்து கிடந்தது. பள்ளங்களிற் பொறுக்கிய புதைபடிவங்களைப் பையில் இட்டுக்கொண்டு மாலையில் திரும்பினோம். பாடாலூரை அணுகித் தார்ச்சாலையில் வேகம் எடுத்ததும், முன்வண்டியின் இடப்பக்கத்திலிருந்து, பனையோலையைத் தரையில் இழுத்தாற்போன்றதோர் ஓசை எழுந்தது. நேரே செல்லுங்கால் அது மெலிந்தது. இடப்பக்கம் திருப்புங்கால் உரத்தது. சக்கரத்திற் காற்று இறங்கிற்றோ என ஐயுற்று, சாலையோரத்துப் பஞ்சர் கடையொன்றின் முன் நிறுத்தினோம்.

கடைப் பெரியவர் குனிந்து பார்த்தார். "காற்றெல்லாம் சரியாக இருக்கிறது, தம்பி. உள்ளே இருக்கிற லைனர் தொங்கி டயரில் படுகிறது. கத்தியால் அறுத்து வீசிவிடுங்கள், சத்தம் நின்றுவிடும்" என்றார்.

அவர் கண்டறிந்தது மெய். அவர் சொன்ன மருந்தைக் கொள்ளலாமா என்பதே கேள்வி. அதற்கு விடை கூறுமுன் லைனர் என்பது யாதென அறிதல் வேண்டும்.

பழைய மோட்டார் வண்டிகளிற் சக்கரத்தின்மீது தனியே கவிந்த இரும்புத் தகடு சேற்றைத் தடுத்தது. அதனையே மட்கார்டு என்றனர். பிற்காலத்தில் வண்டியின் உடலே விரிந்து சக்கரங்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. சக்கரம் சுழல்வதற்கென உடலில் அமைந்த அவ்வளைந்த இடத்தைச் சக்கரக் குடைவு எனலாம். குடைவின் மறுபுறத்தே முன்விளக்கின் பின்பாகமும், மின்கம்பிக் கற்றைகளும், ஹாரனும், கண்ணாடி கழுவும் நீர்க்கலமும் இருக்கின்றன. சக்கரம் எற்றும் நீரும் கல்லும் சேறும் அவற்றின்மேற் படாதிருக்கக் குடைவின் உட்புறத்தே வளைத்துப் பொருத்திய மெல்லிய பிளாஸ்டிக் தோலே லைனர். பட்டறைகளில் இதனைப் பெண்டர் லைனர் என்றும் வழங்குவர். பெரும்பாலும் இது பாலிப்ரொப்பிலீன் என்னும் பொருளால் ஆகியது. 1954ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து மிலான் நகரில் நாட்டா என்னும் வேதியலறிஞர் ஆக்கிக் காட்டிய பொருள் இது. அத்துறைப் பணிக்காக அவரும் ஜெர்மானிய அறிஞர் சீக்லரும் 1963இல் நோபல் பரிசு பெற்றனர். துருவேறாது, எடை குறைவு, வளைந்தாலும் எளிதில் ஒடியாது. ஆனால் சுமை தாங்குதற்கென ஆக்கப்பட்டதன்று. சிறு பிளாஸ்டிக் கிளிப்புகளும் சில திருகாணிகளுமே அதனை ஏந்தி நிற்கின்றன.

அறுத்து எறிந்தால் ஓசை நிற்கும், உண்மையே. அடுத்த மழையில் மின்கம்பிகளின் இணைப்பில் நீர் புகும். சரளைக்கல் தகட்டின் வண்ணத்தைப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தே துருப்பிடிக்கும். அறுத்த விளிம்பு செம்மையாக இல்லாவிடின், எஞ்சிய துண்டு காற்றில் அடித்து மீண்டும் டயரையே நாடும். ஆகவே பெரியவரிடம் கத்தி வேண்டா, ஜாக்கி வேண்டும் என்றோம். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துத் தந்தார்.

சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தினோம். கைப்பிரேக்கை இழுத்து, முதற்கியரில் இட்டு, பின்சக்கரங்கட்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுத்தோம். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொள்ளல் வேண்டும்; தூக்கிய பின் முயன்றால் சக்கரம் சுழலும், வண்டியும் ஆடும். வண்டியோடு வந்த கைந்நூல் காட்டிய இடத்தில் மட்டுமே ஜாக்கியை வைத்து உயர்த்தினோம். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியிற் கிடத்தினோம். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் விழுமேயன்றி நம் கைமேல் விழாது. ஜாக்கி ஒன்றனையே நம்பி வண்டியின் அடியிற் புகுவது எக்காலத்தும் ஆகாது.

சக்கரம் நீங்கியதும் காரணம் வெளிப்பட்டது. லைனரின் மேல்வளைவுக்கும் தகட்டுக்கும் இடையிலும், கீழ்விளிம்பின் மடிப்பிலும் களிமண் அப்பி இறுகியிருந்தது. கரிசற் காட்டில் மாட்டுவண்டி ஓட்டுவோர் இதனை நன்கறிவர். மழைக்காலத்துக் கரிசல் சக்கரத்தோடு ஒட்டி எழும். வண்டிக்காரர் கீழிறங்கிக் கோலால் நெம்பித் தள்ளுவர். கரிசலிற் பெரும்பாலும் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் தாது, தன் நுண்ணிய ஏடுகளுக்கிடையே நீரை உறிஞ்சிப் பருக்கும் இயல்பினது. ஈரத்திற் பசைபோல் ஒட்டும். உலர்ந்தாற் சுருங்கிக் கல்லென இறுகும். மாட்டுவண்டிச் சக்கரத்திற்குக் கவிகை இல்லையாதலின் மண் தானே உதிர இடமுண்டு. மோட்டார் வண்டியிலோ அதற்குப் போக்கிடம் இல்லை.

திருப்புளியால் மெல்லச் சுரண்டி எடுத்தோம். அருகே சின்ன வெங்காயம் நிறுக்கும் தராசு இருந்தது. செட்டிகுளம் பக்கத்து வெங்காயத்திற்குப் பேர்போன நாடன்றோ இது! வேடிக்கையாக அம்மண்ணை அதில் இட்டுப் பார்த்தோம். 4 கிலோவும் 300 கிராமும் இருந்தது. ஒரு கட்டியினுள்ளே ஜிப்சச் சில்லு ஒன்று கண்ணாடிபோல் மின்னிற்று. அதனை மாணவர் ஒருவர் தம் படிவப் பையிற் சேர்த்துக்கொண்டார். இத்துணைச் சுமையைச் சிறு கிளிப்புகள் எங்ஙனம் தாங்கும்? இரண்டு தெறித்துப் போயிருந்தன. ஒன்று பாதி ஒடிந்திருந்தது. லைனரின் கீழ்ப்பகுதி உள்வாங்கி, சக்கரம் திரும்பும்போது டயரின் தோளைத் தொட்டிருந்தது. உராய்ந்த இடம் தேய்த்த வெண்கலம்போற் பளபளத்தது. அதன் நடுவே விரல்நீளக் கீறலும் விட்டிருந்தது.

இக்கிளிப்பு இரண்டு உறுப்புடையது. நடுவிலுள்ள முளையைத் திருப்புளியால் சிறிது தூக்கினால் வெளியுறை தளர்ந்து கழன்றுவரும். நெம்பிப் பிடுங்கினால் தகட்டின் துளையே கிழியும். புதிது வாங்குங்கால் துளையின் விட்டத்தை அளந்து சென்று வாங்குதல் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் சிறிதாயினும் நில்லாது. துளை ஏற்கெனவே கிழிந்திருப்பின் அகன்ற வாஷர் ஒன்றை இட்டுப் பொருத்தலாம். திருகாணி இடநேர்ந்தால் அதன் தலை தட்டையாய் லைனரோடு படிந்திருத்தல் வேண்டும். கூர்முனை டயரை நோக்கி ஒருபோதும் நீட்டி நிற்றலாகாது.

கீறலுக்குப் பசை தடவினால் என்ன என்று ஒருவர் கேட்டார். பாலிப்ரொப்பிலீன் எளிதிற் பசையை ஏலாத பொருள். சாதாரணப் பசை உலர்ந்ததும் உரிந்துவிடும். ஆதலின் தையலே தக்கது. கீறல் முடியும் இடத்தில் ஒரு சிறு வட்டத் துளை இட்டோம். அது கீறல் மேலும் ஓடாது தடுக்கும். பின்னர்க் கீறலின் இருமருங்கும் இணைத்துளைகள் இட்டு, மின்பணியாளர் கம்பி கட்டப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கேபிள் டைகளால் தைத்தோம். முடிச்சுகள் டயருக்கு மறுபுறமாக அமையும்படி பார்த்துக்கொண்டோம். வளைந்துபோன விளிம்பின்மேற் கொதிநீரை ஊற்றி, இளகியபோது உரிய வடிவில் அழுத்திப் பிடித்து, ஆறும்வரை விடாதிருந்தோம். பெரியவரின் மனைவியார் அந்நீரைக் காய்ச்சித் தந்தார், தேநீரும் தந்தார்.

சக்கரத்தைப் பூட்டி நட்டுகளைக் குறுக்கு வரிசையில் முடுக்கிய பின்னும் யாம் புறப்படவில்லை. உராய்வு நீங்கிற்றா என்பதைச் செவியாற் காண்பது போதாது; அதற்கு எளியதொரு சோதனை உண்டு. வகுப்பறைச் சாக்குக் கட்டி எம்மிடம் இருந்தது. டயரின் தோளிலும் பக்கச் சுவரிலும் அகலமாக வெண்கோடு தீட்டி, நடந்து செல்லும் வேகத்தில் வண்டியை இடமும் வலமும் முழுதும் திருப்பி ஓட்டினோம். லைனரில் எங்கேனும் டயர் தொட்டால் அங்கே வெள்ளைப்பொடி ஒட்டியிருக்கும். ஒன்றும் ஒட்டவில்லை. ஐவரை ஏற்றி மீண்டும் பார்த்தோம், அப்போதும் இல்லை. மகிழ்ந்து திருச்சிராப்பள்ளி சேர்ந்தோம்.

இச்சிறு உராய்வுக்கு இத்துணை ஆரவாரமா என்று எண்ணுவோர்க்கு ஒரு கணக்கு. டயரின் பக்கத்தில் 185/65 ஆர்15 என எழுதியிருப்பதாகக் கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டரில் அதன் அகலம். 65 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்துணைப் பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. 15 என்பது அங்குலத்தில் இரும்பு வளையத்தின் விட்டம். கணக்கிட்டால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 622 மில்லிமீட்டர். சுற்றளவு 2 மீட்டருக்குச் சிறிது குறைவு. ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறத்தாழ 512 முறை சுழலும். பாடாலூரிலிருந்து திருச்சிராப்பள்ளியை நோக்கி 30 கிலோமீட்டர் ஓடினால் 15,000 முறைக்கு மேல். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே இடத்தில் ஒரு பொருள் படுமாயின் அவ்விடத்தின் நிலை என்னாகும்?

அதிலும் எவ்விடத்திற் படுகின்றது என்பதே முதன்மையானது. இன்றைய கார் டயர்கள் ரேடியல் வகையின. பிரான்சு தேசத்து மிச்சலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை கொண்ட அமைப்பினின்று வளர்ந்தவை. அதே 1946இல்தான் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் மம்மன் மாப்பிள்ளை என்பார் குழந்தைகளின் பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். அதுவே பின்னர் எம்.ஆர்.எப். எனப் பெருகி, இன்று பாடாலூருக்கு அண்மையில் நாரணமங்கலத்தில் டயர்த் தொழிற்சாலையும் நடத்துகின்றது. நிற்க. ரேடியல் டயரில் தரையைத் தொடும் பாகத்தின் அடியில் எஃகு நூற்பட்டைகள் உள்ளன. அதன்மேல் தடித்த ரப்பரும் உண்டு. பக்கச் சுவரிலோ எஃகுப் பட்டை இல்லை. நூலிழை அடுக்கும் மெல்லிய ரப்பருமே காற்றின் அழுத்தம் முழுமையும் தாங்குகின்றன. எனவே தரைபடும் பாகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் சிறிது உராய்ந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே தேயும். பக்கச் சுவரிற் கூரிய திருகாணியோ இரும்பு விளிம்போ படின், நூலிழை அறுந்து, விரைந்து ஓடுங்கால் டயர் வெடிக்கக் கூடும். பக்கச் சுவரில் இழை தெரியும் அளவு வெட்டுண்ட டயருக்கு ஒட்டு இல்லை, மாற்றுதலே வழி.

அளவு மாறிய டயரும் உராய்வுக்குக் காரணமாகும். மேற்கூறிய டயருக்குப் பதிலாக 195/65 ஆர்15 இட்டால் ஆரம் 6.5 மில்லிமீட்டர் கூடும். அகலம் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் கூடும். பார்வைக்கு ஒன்றுமில்லை. குடைவிலோ அவ்விடைவெளியே சில வண்டிகளில் எல்லை. அழகுக்காகப் பெரிய டயர் பூட்டிவிட்டு லைனரைக் குறைகூறுவோர் பலர்.

இனி எமது பிழைக்கு வருவோம்.

கார்த்திகையின் இறுதியில் இரண்டாம் வண்டியிலும் அதே ஓசை எழுந்தது. இம்முறை வலப்பக்க முன்சக்கரம். முன்னர்க் கற்றது கையில் இருக்க எமக்கென்ன ஐயம்? சக்கரத்தைக் கழற்றினோம். லைனர் பளபளத்திருந்தது, ஒரு கிளிப்பும் தளர்ந்திருந்தது. புதிய கிளிப்புகள் இட்டு, துடைத்து, பூட்டி, அரைமணியில் முடித்துவிட்டோம். மண் ஒரு பிடியும் இல்லை என்பதை அன்று யாம் பொருட்படுத்தவில்லை. வண்டியில் இருவரே இருந்தமையால் ஓசை எழவுமில்லை. சாக்குக் கட்டியை எடுக்கச் சோம்பினோம்.

அடுத்த வாரம் ஐவர் ஏறிப் பெரம்பலூருக்குச் சென்றபோது, சாலையின் மேடுபள்ளங்களில் மட்டும் அவ்வோசை மீண்டது. நேரிய சாலையில் இல்லை, திருப்பும்போதும் இல்லை, வண்டி மேட்டினின்று இறங்கி அமுங்கும் கணத்தில் மட்டும் ஒருமுறை எழுந்து அடங்கிற்று. யாம் முதலிற் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அப்போதுதான் தோன்றிற்று. லைனர் டயரிடம் வந்ததா? டயர் லைனரிடம் சென்றதா?

அதனை அறியும் வழி மிக எளிது. ஒவ்வொரு வண்டியிலும் வலப்பக்கத்திற்கு இடப்பக்கமே பாடநூல். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே குடைவின் விளிம்பு வரை அளவுநாடாவால் இருபுறமும் அளத்தல் வேண்டும். அளந்தோம். இடப்பக்கம் 38 சென்டிமீட்டர், வலப்பக்கம் 35½. வண்டி வலப்புறத்தே இரண்டரைச் சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. லைனர் தன் இடத்திலேயே இருந்தது. வண்டியின் உடலே இறங்கி அதனை டயரின்மேல் அமர்த்தியிருந்தது.

பட்டறைக்கு மெதுவாக ஓட்டிச் சென்றோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி விளக்கைக் காட்டினார். வலப்பக்கச் சுருள்வில்லின் அடிச்சுற்று ஒடிந்திருந்தது. ஒடிந்த முனை இடம்பெயர்ந்து டயரின் உட்பக்கச் சுவரை நோக்கி நின்றது. சுவரின்மேல் நூலளவு கருங்கோடொன்று வட்டமாக ஓடியது. ரப்பர் அங்கே சிறிது அரிந்திருந்தது. யாம் கிளிப்பு மாற்றிய அன்று சக்கரம் எம் கையிலேயே இருந்தது. வெளிப்பக்கத்தைப் பார்த்தோம், லைனரைப் பார்த்தோம், டயரை மறுபுறம் திருப்பி உட்பக்கத்தைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து சுருள்வில்லையும் பார்க்கவில்லை. அந்நிலையில் அவ்வண்டி ஒரு வாரம் நெடுஞ்சாலையில் ஓடியது. அதிற் பெண்பிள்ளைகள் மூவர் பயணஞ் செய்தனர்.

சுருள்வில்லை ஒருபுறம் மட்டும் மாற்றினாற் புதியதும் பழையதும் ஒவ்வாமல் வண்டி சாயும்; ஆதலின் இருபுறமும் மாற்றினார். டயரும் புதிது. மாற்றிய பின் அளந்தபோது இருபக்கமும் ஒத்திருந்தன. லைனர் தானாகவே விலகி நின்றது. அதனை எவரும் தொடவில்லை.

ஓசை எழும்போது காலத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளும் வழக்கத்தை அதன்பின் யாம் மேற்கொண்டோம். திருப்பும்போது மட்டும் எழின் லைனரின் முன் அல்லது பின் விளிம்பு தளர்ந்திருத்தல் கூடும். வண்டி எதனிலேனும் மோதி முன்பம்பர் பின்வாங்கியிருப்பினும் இவ்வாறே ஆம். நேர்ச்சாலையில் வேகம் மிகுந்தபோது மட்டும் எழுந்து குறைந்தபோது அடங்கின், காற்று லைனரை உள்ளே உறிஞ்சுகின்றது. மேல்வளைவின் கிளிப்புகளைப் பார்க்கவேண்டும். சுமை ஏறினாலோ மேட்டில் இறங்கினாலோ மட்டும் எழின், கிளிப்பை விட்டுவிட்டு அளவுநாடாவை எடுக்கவேண்டும். டயர் மாற்றிய மறுநாளே எழின் அதன்மேல் எழுதிய எண்ணைப் படிக்கவேண்டும்.

தையில் மீண்டும் காரைக்குச் செல்லும் வழியிற் பாடாலூர்ப் பெரியவரின் கடையில் இறங்கினோம். பழைய டயரை அவரிடம் காட்டுதற்கென்றே பின்னே ஏற்றி வந்திருந்தோம். நடந்ததைக் கேட்டுவிட்டு, அவர் அதனைத் திருப்பி உட்பக்கத்தை வெளிச்சத்திற் பிடித்து, கருங்கோட்டைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"லைனர் படுகிற சத்தம்தான் உங்களுக்குக் கேட்டிருக்கிறது, தம்பி. இது சத்தமே போட்டிருக்காது" என்றார்.

அந்த டயரை அவரிடமே விட்டுவந்தோம். அதன் தரைபடும் பாகத்தை அறுத்து, தம் வண்டிமாட்டுக் கொட்டகையின் படலுக்குக் கீல் செய்யப் போவதாகச் சொன்னார்.